இத்தாவில் இருந்தவரிடம் நான் கேட்காத கேள்வி

வளைகுடாக் கம்பெனிகளில் இறுதிக் கணக்கு பார்க்கிற உங்க வாட்ஸ்ஆப் குரூப்பில் என்னைச் சேர்த்து மூணு மாசம் ஆகுது. "அண்ணாச்சி, உங்க அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. நானும் வாயைத் திறக்காம படிச்சுக்கிட்டே இருந்தேன். போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "டெத் கேஸ் ஃபைல் ஒண்ணை எத்தனை நாள்ல க்ளோஸ் பண்ணலாம்?" அதுக்குக் கீழே ஆளாளுக்கு ஒரு கணக்கு. ஒருத்தர் இருபத்தொரு நாள்ல முடிச்சிட்டாராம். அவருக்கு ஏழு பேர் கைதட்டுற படம் போட்டிருந்தாங்க. அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். கைதட்டுறதுக்காக இல்லை.

புதுசா வந்தவங்களுக்கு என்னைத் தெரியாது. அமீரகத்தில், புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளை வாடகைக்கு விடுற ஒரு கம்பெனியில், இறுதிக் கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். வேலையை விட்டுப் போறவர், வயசாகிப் போறவர், செத்துப் போறவர், மூணு பேர் ஃபைலும் என் மேஜைக்குத்தான் வரும். தூத்துக்குடிக்காரன்ங்கிறதால எல்லாருக்கும் அண்ணாச்சி. இப்ப ஊரில் பென்ஷன் இல்லாத பென்ஷனரா உட்கார்ந்து உங்க குரூப்பைப் படிச்சு ரத்தக்கொதிப்பை ஏத்திக்கிறதுதான் தொழில்.

எந்தப் பேப்பருக்கு எந்த முத்திரை, எந்த டைப்பிங் சென்டர்ல அரபி மொழிபெயர்ப்பு சீக்கிரம் கிடைக்கும்னு நான் சொல்லப் போறதில்லை. அதுக்கு உங்க போர்ட்டல் இருக்கு. போன வருஷம் வரைக்கும் அதில் 'இறந்தவருடன் உறவு'ங்கிற இடத்தில் 'மற்றவை'க்குக் கீழேதான் மனைவி இருந்தாளாம். அவ்வளவு புத்திசாலிப் போர்ட்டல். அதையே நம்பி இருங்க.

முதல்ல ஒரு சின்ன சங்கதி. ஒருத்தர் இறந்துட்டார்னு தெரிஞ்ச உடனே பேங்க்காரன் அவர் கணக்கை முடக்கிடுவான். கோர்ட்டுத் தாள் வந்தாத்தான் திறப்பான். இது நம்ம ரூம் ஆளுகளுக்கும் தெரியும். ரூமில் எல்லாருக்கும் எல்லாரோட பின் நம்பரும் தெரியும். அதனால ஆள் போன அன்னைக்கே கார்டை எடுத்துக்கிட்டு ஏ.டி.எம்.முக்கு ஓடுவாங்க. திருட இல்லை. "பாவம், பொண்டாட்டிக்கு உடனே அனுப்பிடலாம்"னு. நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுக்காரங்க நாலு பேர் முகமும் பேங்க் காமிராவில் பளிச்சுன்னு தெரியும். செத்தவர் கணக்கில் கைவைச்ச குத்தத்துக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல உட்கார்ந்திருந்தவங்களைக் கூட்டிட்டு வர நானே ரெண்டு தடவை போயிருக்கேன். ரெண்டு தடவையும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?" ரெண்டு தடவையும் ஒரே பதில்தான்: "இந்த நேரத்துல எப்படி அண்ணாச்சி கேக்குறது?"

அவங்களை நான் வருஷக்கணக்கா நக்கல் பண்ணியிருக்கேன். ஆபீசில் கதை கதையாச் சொல்லிச் சிரிச்சிருக்கேன். அப்படிச் சிரிச்ச நான், ஏ.சி. ரூமில் உட்கார்ந்து, டை கட்டிக்கிட்டு, அவங்க பண்ணின அதே வேலையை இன்னும் மோசமா பண்ணினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

தொட்டிகளில் எண்ணெய் அளவு பார்க்கிற பிரிவில் அப்துல் காதர்னு ஒரு ஃபோர்மேன். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஊர். டூட்டி முடிஞ்சு பஸ் ஏற வந்தவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார், எழுந்திரிக்கலை. ஊரில் மனைவி ஜெய்னம்பு, காலேஜில் படிக்கிற ஒரு மகள், பள்ளிக்கூடத்தில் ஒரு மகன். ஃபைல் எனக்கு வந்தது.

அவர் பேங்க் கணக்கு, கிராஜுவிட்டி, மார்க்கப்படி யாருக்கு எவ்வளவுங்கிறது எல்லாம் கோர்ட்டு பார்த்துக்கிற விஷயம். அதை விடுங்க. கம்பெனியில் தனியா ஒரு சேமிப்புத் திட்டம் இருந்தது. மாசாமாசம் சம்பளத்தில் கொஞ்சம், கம்பெனி பங்கு கொஞ்சம். துபாயில் ஒரு ஆபீஸ் அதை நிர்வாகம் பண்ணும். ஆள் இறந்தா, அவர் யார் பேரை நாமினின்னு எழுதினாரோ அவங்களுக்கு ஆறு மாசம் டைம். அதுக்குள்ள ரெண்டில் ஒண்ணு சொல்லணும். மொத்தமா எடுத்துக்கிறேன்னு சொல்லலாம், இல்லைன்னா பத்து வருஷத்துக்கு மாசாமாசம் வாங்கிக்கிறேன்னு சொல்லலாம். ரெண்டும் சொல்லலைன்னா ஆறாவது மாசக் கடைசியில் திட்டமே மொத்தப் பணத்தையும் வெளியே தள்ளிடும். வெளியே வந்த பணம் மறுபடி உள்ளே போகாது. மத்ததை மறந்தாலும் இந்தக் கடைசி வரியை மறக்காதீங்க.

காதர் நாமினியா எழுதியிருந்தது ஜெய்னம்பு பேரை.

அவர் இறந்து ரெண்டரை மாசம் இருக்கும். ஒரு திங்கக்கிழமை காதரோட அண்ணன் வந்தார். சவூதியில், தம்மாமில் கடை வச்சிருக்கிறவர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம், அதுக்கு மேல ஒரு ஃபைல். ஃபைலில் ஜெய்னம்பு அவருக்கு எழுதிக் கொடுத்த பவர் பத்திரம். எனக்குப் பதிலா இவர் கையெழுத்துப் போடலாம், பணம் வாங்கலாம்ங்கிற பத்திரம். சென்னை முத்திரை, டெல்லி முத்திரை, தூதரக முத்திரை, அரபி மொழிபெயர்ப்பு எல்லாம் வரிசையா இருந்தது. திட்டப் படிவத்தையும் அவரே நிரப்பிட்டார். மொத்தமா எடுத்துக்கிறேன், பணம் என் கணக்குக்கு வரட்டும்.

படிவத்தில் எங்க பிரிவு நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் உண்டு: நாமினியிடம் நேரில் அல்லது தொலைபேசியில் பேசப்பட்டதா? ஆம், இல்லை, பொருந்தாது. நான் பேனாவை எடுத்ததும் அவர் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டார்.

"அண்ணாச்சி, தம்பி பொண்டாட்டி இத்தாவுல இருக்காக. புருசன் மௌத்தானா நாலு மாசம் பத்து நாளு வீட்டுக்குள்ளயே இருக்கணும். அன்னிய ஆம்பளை குரல்கூடக் காதுல விழக்கூடாது. மத்த ஸ்டேட்காரனுக்கு இதெல்லாம் புரியாது. நீங்க நம்ம பக்கத்து ஆளு. உங்களுக்கு நான் சொல்லணுமாக்கும்."

நம்ம பக்கத்து ஆளு. இந்த ஒரு சொல்லுக்கு நான் உருகின உருக்கத்தை இப்ப நினைச்சாலும் எனக்கே அருவருப்பா இருக்கு. "சொல்லவே வேண்டாம் பாய், எனக்குத் தெரியாதா"ன்னேன். 'பொருந்தாது'ங்கிற கட்டத்தில் டிக் போட்டேன். போதாக்குறைக்கு மேனேஜர் ரூமுக்குப் போய், ஏன் நாமினியிடம் பேசலைன்னு அவருக்கு இத்தாவைப் பத்திப் பத்து நிமிஷம் வகுப்பு எடுத்தேன். அந்த வகுப்பில் நான் சொன்னதில் பாதி அந்த அண்ணன் அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி எனக்குச் சொன்னது. மீதிப் பாதி நானே சேர்த்துக்கிட்டது. மேனேஜர் தலையை ஆட்டினார். அன்னைக்கே படிவம் துபாய்க்குப் போயிடுச்சு. அங்கே வாராவாரம் வியாழக்கிழமை வந்த படிவங்களைப் பதிவாங்க. பதிஞ்சுட்டா மாத்த முடியாது.

பேரீச்சம்பழம் நல்லா இருந்தது. அதையும் சொல்லிடுறேன்.

எங்க ஃபைல் ரூமில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தாங்க. பேர் எழுத மாட்டேன், எழுதினா உரிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. அவங்க வேலை ஃபைலுக்கு நம்பர் போட்டு அலமாரியில் வைக்கிறது. ஆனா வைக்கிறதுக்கு முன்னாடி முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் படிப்பாங்க. அது அவங்க வேலை இல்லைன்னு மூணு மேனேஜர்கள் சொல்லிப் பார்த்தாங்க. மூணு மேனேஜரும் போயிட்டாங்க, அக்கா இருந்தாங்க. இந்தத் தொழிலில் எனக்கு ஏதாவது தெரியும்னா அதில் முக்கால்வாசி அவங்க வாயில் வாங்கிக் கட்டிக்கிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் கூப்பிட்டு விட்டாங்க.

"தம்பி, இஞ்ச ஒருக்கா வாங்கோ. இந்தப் பவர் எப்ப எழுதினது எண்டு பாத்தனீங்களோ?"

நான் முத்திரைகளைச் சொன்னேன். ஒண்ணு விடாம வரிசையாச் சொன்னேன்.

"முத்திரையை ஆர் கேட்டது? திகதியைப் பாருங்கோ. ஆள் செத்து நாப்பத்திரண்டாம் நாள். எங்க வச்சு எழுதினது? பத்திர ஒஃபிஸில. இந்தா அவவின்ர படம். இந்தா பெருவிரல். ஒஃபிஸுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், பத்து ஆம்பிளையளுக்கு முன்னால இருத்திப் படம் எடுக்கலாம். நீங்கள் ஃபோன் எடுத்தா மட்டும் இத்தா முறிஞ்சு போகுமோ?"

அந்தப் பத்திரத்தை நான் ரெண்டு தடவை புரட்டியிருந்தேன். போட்டோவையும் பார்த்திருந்தேன். வெள்ளைத் துப்பட்டியால முக்காடு போட்ட ஒரு அம்மா, கண்ணு வீங்கி, நேரா காமிராவைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அது எங்கே எடுத்த போட்டோ, என்னைக்கு எடுத்த போட்டோன்னு என் மரமண்டைக்கு ஏறவே இல்லை.

அக்கா விடலை. "ஆறு மாசம் டைம் கிடக்கு. பிறகேன் இந்தாள் இப்பிடி ஓடித் திரியுறார்? அவ வெளியில வர முந்தி முடிக்கத்தான். நீங்கள் மரியாதை எண்டு சொல்லி ஃபோன் எடுக்காம விட்டியள். மரியாதை ஆருக்குக் குடுத்தனீங்கள், அவவுக்கோ, அந்தாளுக்கோ?"

"அவங்க நம்பர் ஃபைலில் இல்லக்கா"ன்னேன். உண்மைதான். அவசரத் தொடர்புங்கிற இடத்தில் அண்ணனோட தம்மாம் நம்பர்தான் இருந்தது. இதையும் குறிச்சு வச்சுக்கோங்க, நம்ம ஆளுகள் எல்லாரும் அந்த இடத்தில் அண்ணன் பேரோ மாமன் பேரோதான் எழுதுவாங்க. பொண்டாட்டி பயந்துடுவாளாம்.

அக்கா ஃபைலைத் தலைகீழாத் திருப்பி, அடியில் இருந்த தாளை எடுத்துப் போட்டாங்க. காதர் வேலைக்குச் சேர்ந்தப்ப எழுதின நாமினி படிவம். ஜெய்னம்பு, மனைவி. பக்கத்தில் ஊர் நம்பர். அதுக்கும் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, பொடி எழுத்தில் காதர் கையாலேயே தமிழில் ஒரு வரி: 'லுஹருக்கு முன்னாடி கூப்பிடவும்.' மதியத் தொழுகைக்கு முன்னாடி. எப்பக் கூப்பிட்டா அவங்க எடுப்பாங்கன்னு மனுஷன் எனக்கு எழுதியே வச்சுட்டுப் போயிருக்கார். நான்தான் கடைசித் தாள் வரைக்கும் போகலை.

கூப்பிட்டேன். மகள் எடுத்தா. "உம்மா, வாப்பா கம்பெனியில இருந்து"ன்னு உள்ளே குரல் கொடுத்தா. அப்பவும் என் புத்தி போகலை. "இல்லம்மா, உங்கம்மா இத்தாவுல இருக்காங்களே, நீயே கேட்டுச் சொன்னாப் போதும்"னு இழுத்தேன். போன் கை மாறிடுச்சு.

"நான் இத்தாவுல இருக்கேன் சார். அதுக்காகக் காது அடைச்சுப் போகலை. சொல்லுங்க."

சொன்னேன். பவர் எதுக்கு எழுதிக் கொடுத்தீங்கன்னு கேட்டேன். "கடைசி மாசச் சம்பளம் வாங்க ஒரு கையெழுத்து வேணும்னு பெரிய மச்சான் சொன்னாக. கூட்டிட்டுப் போனாக, போட்டேன்"னு சொன்னாங்க. சேமிப்புத் திட்டம்னு ஒண்ணு இருக்கிறது தெரியும். மாசாமாசம் வாங்கிக்கலாம்ங்கிறது தெரியாது. அதை விளக்கினேன். அப்புறம் மூணு கேள்வி கேட்டாங்க.

"மாசப் பணம் எம் பேருக்கு வருமா? நான் மௌத்தாயிட்டா மிச்சம் புள்ளைகளுக்கு வருமா? நடுவுல வேற யாராச்சும் மொத்தமா எடுக்க வழி இருக்கா?"

இருபத்தாறு வருஷத்தில் அந்த மூணாவது கேள்வியை என்கிட்ட ஒரு ஆபீசர் கேட்டதில்லை, ஒரு ஆடிட்டர் கேட்டதில்லை. முதல் ரெண்டுக்கும் ஆமா, மூணாவதுக்கு இல்லைன்னேன்.

"அப்ப எனக்கு மாசாமாசம்தான் வேணும் சார். மக ரெண்டாவது வருசம் படிக்கிறா. சின்னவன் ஏழாவது. மொத்தமா வந்தா அது எங்க வீட்டுக்கு வராது, கடைக்குப் போகும். பெறகு ஒவ்வொரு ஃபீஸுக்கும் நான் பெரிய மச்சான் வாசல்ல போய் நிக்கணும். நான் நிக்க மாட்டேன். நான் நிக்கக் கூடாதுன்னுதான் அவுக எம் பேரை எழுதிட்டுப் போயிருக்காக. அந்தக் காகிதம் இப்ப யாரு கையில இருக்கு?"

"துபாய் ஆபீசில. வியாழக்கிழமை பதிவாகும்."

"நாளைக் கழிச்சு."

"ஆமாம்மா."

"அவுகளுக்கு எழுதணும்னா எப்படி எழுதுறது?"

அந்த ஆபீசோட மெயில் விலாசத்தைச் சொன்னேன். மகள் எழுதிக்கிட்டா. பவரை எழுதிக் கொடுத்தவங்களே ரத்து பண்ணலாம், ரத்து பண்ணினதைக் காட்டினா நிறுத்துவாங்கன்னும் சொன்னேன். வீட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கிறவங்க ரெண்டு நாளில் என்ன பண்ணிடப் போறாங்கன்னு ஒரு நினைப்பு எனக்கு. அதனால பெரிய மனுஷன் மாதிரி முடிச்சேன்: "நீங்க கவலைப்படாதீங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்."

நான் பார்த்துக்கிறேன். வளைகுடாவில் இதைவிட மலிவா ஒரு சொல்லும் கிடைக்காது. விசா கொடுத்த கஃபீல் சொல்வான், மேனேஜர் சொல்வார், ஏஜென்ட் சொல்வான், கேம்ப் பாஸ் சொல்வான். நானும் சொன்னேன்.

மேனேஜர்கிட்ட போனேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கலை. "பவர் வேலிட். பேப்பர் கம்ப்ளீட். அவங்க குடும்பத் தகராறு நமக்கெதுக்கு? கலாஸ், முடிஞ்சது, க்ளோஸ் பண்ணு." அவரைத் தாண்டி நானே நிறுத்தணும்னா ஒரே வழிதான் இருந்தது. நாமினியிடம் பேசாம நான் படிவத்தை அனுப்பிட்டேன், தப்பு என்னோடது, நிறுத்துங்கன்னு துபாய்க்கு எழுதணும். எழுதலாம். ஆனா எங்க பிரிவுத் தலைவர் பதவி அந்த மாசம் காலியாகுது. பதினோரு வருஷமா அதுக்குக் காத்துக்கிட்டிருக்கேன். தப்பு என்னோடதுன்னு எழுதின தாள் என் பர்சனல் ஃபைலில் போய் உட்கார்ந்தா அந்த நாற்காலி எனக்கு இல்லை.

ஒரு மணி நேரம் கீபோர்டு முன்னாடி உட்கார்ந்தேன். கடைசியில் என்ன அனுப்பினேன் தெரியுமா? 'மேற்படி படிவம் தொடர்பான சில விவரங்கள் எங்கள் தரப்பில் சரிபார்ப்பில் உள்ளன. தங்கள் தகவலுக்காக.' நல்ல ஆபீஸ் இங்கிலீஷில், ஒரு பிழை இல்லாம. அனுப்பிட்டு என் கடமையை முடிச்ச மாதிரி போய் நல்லாச் சாப்பிட்டேன். புதன்கிழமை காலையில் பதில் வந்தது: 'நன்றி. குறித்துக்கொண்டோம்.'

அக்காகிட்ட பெருமையாக் காட்டினேன். கண்ணாடியை இறக்கி ரெண்டு தரம் படிச்சாங்க.

"இதில நிப்பாட்டு எண்டு எங்க கிடக்கு?"

"அப்படி நேரடியா எழுத முடியாதுக்கா. அவங்களுக்குப் புரியும்."

"புரியாது தம்பி. பூசி மெழுகி எழுதினா ஒருத்தருக்கும் புரியாது. அதுக்குத்தானே பூசி மெழுகிறனீங்கள். உங்கட கதிரைக்குப் பயம் எண்டா அதைச் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளையளின்ர ஃபீஸ்ல நிண்டுகொண்டு மரியாதை காட்டாதேங்கோ."

கதிரைன்னா அவங்க ஊரில் நாற்காலி. கோவம் வந்தது. அவங்க சொன்னது அத்தனையும் சரிங்கிறதால வந்த கோவம். இன்னொரு மெயில் போட்டா சந்தேகப்படுவாங்க, நாளைக்குக் காலையில் போனில் பேசிக்கலாம்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஒரு நாளை அப்படியே தின்னுட்டேன். நல்லா இருக்கு இல்ல? இவனையா அனுபவம் எழுதச் சொன்னோம்னு இப்ப உங்களுக்குத் தோணும். தோணட்டும்.

வியாழக்கிழமை ஆபீஸ் திறந்ததும் துபாய்க்குப் போன் பண்ணினேன். எடுத்த பொண்ணு, "அந்தப் படிவமா சார்? நேத்தே நிறுத்தி வச்சாச்சே"ன்னு சொன்னா. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துடுச்சு. பார்த்தீங்களா அக்கா, புரியும்னு சொன்னேனேன்னு மனசுக்குள்ள வசனம்கூட ரெடி பண்ணிட்டேன்.

"என் மெயில் பார்த்து நிறுத்தினீங்களா?"

"உங்க மெயிலா? அது தகவலுக்காகன்னு இருந்துச்சே சார். நாமினி அனுப்பின லெட்டர் வந்தது. அதை வச்சுத்தான் நிறுத்தினோம்."

அனுப்பச் சொன்னேன். வந்தது. ரெண்டு தாள். ஒண்ணு, பவரை ரத்து பண்ணின பத்திரம். அதே பத்திர ஆபீஸ் முத்திரை, அதே மாதிரி ஒரு போட்டோ, அதே வெள்ளைத் துப்பட்டி. கண்ணு மட்டும் இந்தத் தடவை வீங்கலை. இன்னொண்ணு, கோடு போட்ட நோட்டுத் தாளில் கையால எழுதின கடிதம். மேல தமிழ், கீழ மகள் கையெழுத்தில் இங்கிலீஷ்.

'நான் ஜெய்னம்பு. அப்துல் காதருடைய மனைவி. நான் கொடுத்த பவரை ரத்து செய்துவிட்டேன். பணத்தை வெளியே எடுக்க எனக்குச் சம்மதம் இல்லை. எனக்கு மாதாமாதம் வேண்டும். நிறுத்துங்கள்.'

நிறுத்துங்கள். டிகிரி வாங்கி, இருபத்து சொச்சம் வருஷம் ஆபீஸ் இங்கிலீஷ் எழுதித் தேய்ஞ்ச நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் எழுத முடியாத சொல். பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது, அந்தம்மா புதன்கிழமை காலையில் மகளை அனுப்பி, மார்க்கம் படிச்ச ஊர் ஆலிம்சாகிட்ட கேட்டிருக்காங்க. அவசியம்னா பகலில் வெளியே போய்ட்டு வரலாம்னு அவர் ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கார். மகளைக் கூட்டிக்கிட்டு ஆட்டோவில் போய், பத்திரம் எழுதுறவரை உட்கார வச்சு எழுதி வாங்கி, பிற்பகல் தொழுகை அஸருக்கு முன்னாடி வீடு திரும்பி, மகளை விட்டு ரெண்டையும் படம் எடுத்து மெயிலில் அனுப்பிட்டாங்க. மார்க்கம் தெரிஞ்ச ஆலிம்சாவுக்கு இதில் சிக்கலே இல்லை. மார்க்கம் தெரியாத நான்தான் மேனேஜருக்கு வகுப்பு எடுத்தேன்.

சாயந்தரம் தம்மாமிலிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, நீங்க நம்ம ஆளுன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் பாய்"னேன். நான் உருப்படியாச் சொன்ன ஒரே பதில் அதுதான். அதையும் போனை வச்சுடுவார்ங்கிற தைரியத்தில் சொன்னேன்.

தம்பிகளா, தங்கச்சிகளா, இதையும் கேட்டுக்கோங்க. பிரிவுத் தலைவர் பதவி எனக்கே கிடைச்சது. ஏன் கிடைக்காது? என் ஃபைலில்தான் தப்பே இல்லையே. புகார் இல்லாம கேஸ் முடிச்சார்னு மேனேஜர் மீட்டிங்கில் பாராட்டுகூடச் சொன்னார். கைதட்டினாங்க. உங்க குரூப்பில் போடுற படம் மாதிரியேதான் இருந்தது. அந்த நாற்காலியில் ஆறு வருஷம் உட்கார்ந்தேன். ஒரு நாள்கூட முதுகு சாய்ச்சு உட்கார முடியலை. இதை என் மனைவிகிட்டகூட நான் சொன்னதில்லை.

இன்னும் ஒரு போன் மிச்சம் இருக்கு. பிறகு ஒரு நாள், லுஹருக்கு முன்னாடி, என் மேஜை போன் அடிச்சது.

"சார், நான் ஜெய்னம்பு. நேத்தோட இத்தா முடிஞ்சிருச்சு."

"அப்படியாம்மா."

"ஆமா சார். இனிமே நீங்க கூச்சப்படாம எங்கிட்டப் பேசலாம்."

அவங்க சிரிக்கலை. பின்னாடி மகள் சிரிக்கிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் முதல் மாசப் பணம் என்னைக்கு வரும், படிவத்தோட நகல் எப்படி வாங்குறதுன்னு வரிசையாக் கேட்டாங்க. பதில் சொன்னேன். போனை வச்சுட்டு ஃபைலை வரவழைச்சு, அதில் இருந்த எங்க படிவ நகலில் 'பொருந்தாது'ங்கிற டிக்கைக் கோடு போட்டு அடிச்சேன். பக்கத்தில் 'நாமினியிடம் பேசினேன்'னு எழுதப் போனேன். ஃபைலைக் கொண்டுவந்த அக்கா பக்கத்திலேயே நின்னாங்க.

"நீங்கள் எங்க பேசினனீங்கள்? அவவெல்லோ பேசினவ. அப்பிடி எழுதுங்கோ."

அப்படியே எழுதினேன். போய்ப் பாருங்க, இருக்கும்.

எத்தனை நாள்ல க்ளோஸ் பண்ணலாம்னு கேட்ட தம்பிக்கு: அந்த ஃபைல் இன்னும் மூடலை. மகள் படிச்சு முடிச்சு வேலைக்குப் போயாச்சு. சின்னவன் இப்பத்தான் காலேஜ் போறான். மாசாமாசம் பணம் போகுது. என் பழைய கம்பெனியில் இந்த வருஷம் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி உங்க குரூப்பில் இருக்கா. அந்த ஃபைல் இப்ப அவ அலமாரியில்தான் இருக்கு. தங்கச்சி, அதில் என்ன சந்தேகம் வந்தாலும் மேனேஜரைக் கேக்காதே, போர்ட்டலைக் கேக்காதே, தயவுசெஞ்சு என்னையும் கேக்காதே. கடைசித் தாளில் நம்பர் இருக்கு. லுஹருக்கு முன்னாடி கூப்பிடு.